படத்துக்குக் கிட்ட வாற முகம்

கிளினிக்கில முகம் மரத்துப்போக விறைப்புக் கிறீம் பூசினால் நாற்பத்தைஞ்சு நிமிசம் அசையாமல் படுத்திருக்க வேணும். பர்ஹா அதை ரெண்டு கன்னத்திலயும் கேக்குக்கு ஐசிங் பூசுற மாதிரித் தடிப்பாப் பூசி, மேல மெல்லிய பொலித்தீன் ஒட்டி, "இப்ப கதைக்கக் கூடாது மிஸ்" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளிட்டப் போயிடுவாள். மாளிகாவத்தையில இருந்து வாற பிள்ளை, இருபத்திரண்டு வயசு, ஒரு புள்ளியில்லாத கன்னம். நாலு மாசமாத் தொட்டுத் தொட்டு என்ர முகத்தில எந்தப் பள்ளம் எங்க இருக்கு எண்டு அவளுக்குப் பாடம். நான் குளியலறைக் கண்ணாடியில பல்லை மட்டும்தான் பாக்கிறனான்.

என்ர பேர் துஷாந்தினி. வயசு முப்பத்திமூண்டு. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு லேனில மூண்டாம் மாடி பிளாட், அதில நானும் அம்மாவும். அப்பா செத்து ஆறு வருசம். எனக்கு ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில வேலை. தமிழ் ஹொட்லைனில காலமை எட்டு மணிக்கு ஹெட்செற்றைக் கொழுவினால் பின்னேரம் அஞ்சு மட்டும் சனத்தின்ர ஏச்சைக் கேக்கலாம். குரல் நல்லம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். முகத்தைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்.

பதினாலு வயசில தொடங்கின பரு. சந்தனம், வேப்பிலை, எலுமிச்சம்புளி, பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன பற்பசை, ஒண்டும் மிச்சமில்லை. பத்தாததுக்கு நானும் சும்மா இருக்கேல்லை, சோதனைக்குப் படிக்கேக்க ஒரு கை புத்தகத்தில, மற்றக் கை கன்னத்தில, கிள்ளிக் கிள்ளி நாசமாக்கினன். இருபத்தாறு வயசில பரு தானா நிண்டுது. அது இருந்த இடம் மட்டும் அப்பிடியே நிண்டுது. கிளினிக்கில டொக்டர் லைற்றைப் பிடிச்சுப் பாத்திட்டு மூண்டு விதமும் இருக்கு எண்டா. ஊசியால குத்தின மாதிரி ஆழமான ஓட்டை ஒரு விதம், விளிம்போட இருக்கிற பள்ளம் இன்னொரு விதம், மேடும் பள்ளமுமா அலை மாதிரி இருக்கிறது மூண்டாவது. எல்லாம் ஒரே முகத்தில இருக்கிறது ஒரு கெட்டித்தனம் எண்ட மாதிரிச் சொன்னா. ஆறு தரம் வரவேணும், மாசத்துக்கு ஒருக்கா, அப்பிடி வந்தாலும் அரைவாசிதான் குறையும், அழிச்சுத் தரமாட்டன் எண்டும் சொன்னா. பொய் சொல்லாத மனிசி. அதாலதான் அவவிட்டயே போறன்.

ஏன் இந்த வயசில போறன் எண்டு கேட்டால், அது ஒரு படத்தால வந்த வினை.

காலி வீதியில ஒரு ஸ்ரூடியோ. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனனான். அங்க இருக்கிற மனிசன் ஒருத்தரையும் கேக்கிறேல்லை. ஆர் வந்தாலும் முதல் படம், பேந்து கொம்பியூட்டரில முகத்தைத் துடைச்சு விடுறது, கடையைக் கூட்டித் துடைக்கிற மாதிரி அதுவும் ஒரு வேலை அவருக்கு. படம் கையில வந்தால் என்ர கண்ணும் மூக்கும், ஆனால் கன்னம் வேற ஆரோ ஒருத்தியின்ர. நான் சிரிச்சிட்டு விட்டிட்டன். அம்மா விடேல்லை. அந்தப் படத்தில இருபது பிரதி எடுப்பிச்சு என்ர சாதகக் குறிப்போட சேத்துத் தரகர் பூபாலசிங்கத்தாரிட்டக் குடுத்திட்டா.

எங்கட ஆக்களில முதல் குறிப்புப் பாக்கிறது. பொருந்தினால்தான் ஆளைப் பாக்கிறது. எனக்கு அதுவரைக்கும் ஆறு பேருக்குக் குறிப்புப் பொருந்தினது. ஒருத்தருக்கு எண்பது வீதம். ஆறு பேரும் வந்து பாத்திட்டுப் போய், "வேற சாத்திரியாரிட்டயும் காட்டினனாங்கள், அவர் பொருந்தேல்லை எண்டிட்டார்" எண்டு சொல்லி அனுப்பினவை. கடவுளே, செவ்வாயும் சனியும் என்ர கன்னத்தைப் பாத்திட்டுத்தான் வீடு மாறுதுகள் போல. முகம் பிடிக்கேல்லை எண்டு ஒரு நாய் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் ஏசிப்போட்டாவது இருந்திருப்பன். கிரகத்தை ஆர் ஏசுறது?

ஏழாவது ஆள் லோகேஸ்வரன். ரொறொன்ரோவில லொறி ஓட்டுறார், பெரிய நெடுந்தூர லொறி, இரவு முழுக்க ஓட்டம். எழுபத்தைஞ்சு வீதம் பொருத்தம். அவர் சித்திரைக்குத்தான் லீவில வருவார், அதுவரைக்கும் ரெண்டு பேரும் போனில கதைக்கட்டும் எண்டு பெரியாக்கள் முடிவெடுத்திச்சினம். எனக்கு மத்தியானம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம். அவருக்கு விடியப்புறம். ஸ்ரியறிங்கில கை, காதில ஹெட்செற். வீடியோக் கோல் வேண்டாம், பொம்பிளை பாக்க முதல் அது முறையில்லை எண்டு அம்மா தடுத்துப்போட்டா. அந்த ஒரு விசயத்தில அம்மாவை நான் எதிர்க்கேல்லை.

நாலு மாசம் கதைச்சம். என்னெண்டு சொல்ல. அந்த மனிசன் ரோட்டைப் பாத்துக்கொண்டு கதைக்கிற கதை அப்பிடி. பனி கொட்டுறதைச் சொல்லுவார், பெற்றோல் செட்டில கோப்பி ஊத்துற கிழவன் ஒவ்வொரு நாளும் தன்ர பேரைப் பிழையாக் கூப்பிடுறதைச் சொல்லுவார், தன்ர அப்பா செத்தண்டைக்கு லொறியை நிப்பாட்ட இடமில்லாமல் அறுபது கிலோமீற்றர் அழுதழுது ஓட்டினதைச் சொன்னார். என்னை எல்லாரும் துஷா எண்டுதான் கூப்பிடுறது. அவர் மட்டும் துஷாந்தினி எண்டு முழுசாச் சொல்லுவார், அவசரமே இல்லாமல். நான் அலுவலக மாடிப்படியில குந்தி இருந்து இடியப்பம் ஒரு கையில, போன் ஒரு கையில. மடைச்சி மாதிரித் தனியச் சிரிக்கிறது. முப்பத்திமூண்டு வயசில எனக்கு ஒரு ஆளில உண்மையா விருப்பம் வந்திட்டுது.

ஒரு நாள் அவர் சொன்னார், "துஷாந்தினி, நான் அனுப்பின படம் பழசு. எனக்கு இப்ப முன்னால மயிர் இல்லை. வண்டியும் வைச்சிட்டுது, வயிறு முன்னால தள்ளிக்கொண்டு நிக்குது. உங்களை ஏமாத்தக்கூடாது எண்டு சொல்லுறன்."

அதுதான் எனக்கும் சொல்லக் கிடைச்ச இடம். வாய் வரைக்கும் வந்தது. "மயிரில என்ன கிடக்கு" எண்டு சொல்லிச் சிரிச்சன். அவர் தன்ர மொட்டையைச் சொன்னார், நான் என்ர கன்னத்தைச் சொல்லேல்லை. சித்திரைக்கிடையில ஆறு தரமும் முடிஞ்சிடும், முகம் அந்தப் படத்துக்குக் கொஞ்சமாவது கிட்ட வந்திடும், அப்ப சொல்லத் தேவையே இல்லை எண்டு ஒரு கணக்குப் போட்டன். விசர்க் கணக்கு.

நாலாவது தரம் தை மாசம், ஒரு சனிக்கிழமை காலமை. பொலித்தீனை உரிச்சு, கிறீமைத் துடைச்சு, அதுக்கு மேல ஊசியும் போட்டு, டொக்டர் தன்ர வேலையைத் தொடங்கினா. தோலுக்குக் கீழ நார் பிடிச்சு இழுத்து வைச்சிருக்கிறதாலதான் பள்ளம் விழுந்திருக்காம். ஒரு ஊசியை உள்ள விட்டு அந்த நாரை அறுத்துவிடுறது. நோகாது. ஆனால் சத்தம் கேக்கும், நறுக் நறுக் எண்டு, மண்டைக்குள்ள. "தவ பொட்டக், தவ பொட்டக்" எண்டு சிங்களத்தில சொல்லிக்கொண்டே இருப்பா டொக்டர், இன்னும் கொஞ்சம்தான் எண்டு. நாலு தரத்திலயும் அந்த இன்னும் கொஞ்சம் முடிஞ்ச பாடில்லை.

முடிஞ்சு ஐஸ் வைச்சுக்கொண்டு இருக்கேக்க அம்மா போன் அடிச்சா. பர்ஹாதான் போனை என்ர காதில பிடிச்சவள்.

"பிள்ளை, அவை வந்திட்டினம்."

"ஆர்?"

"மாப்பிள்ளை ஆக்களடி! லீவு முந்திக் கிடைச்சு, தாயும் மகனும் வியாழக்கிழமையே வந்து கொட்டாஞ்சேனையில பெரியம்மா வீட்டில நிக்கினமாம். பத்து நாள்தானாம். பூபாலசிங்கத்தார் இப்பதான் போன் அடிச்சவர். நாளைக்குப் பின்னேரம் கோயிலில பாக்கினமாம். நான் ஓம் எண்டிட்டன்."

"அம்மா, எனக்கு முகம் வீங்கிப்போய்க் கிடக்கு."

"ஓம் எண்டிட்டனடி" எண்டு திருப்பிச் சொன்னா. குரல் நடுங்கினது. சந்தோசத்திலயா பயத்திலயா எண்டு தெரியேல்லை. எனக்கு ரெண்டும் வரேல்லை. கன்னம் மரக்கட்டை, அதுக்குள்ள இருந்த நானும் மரக்கட்டை. வியாழக்கிழமையில இருந்து அவர் போன் அடிக்காததுக்குக் காரணம் மட்டும் விளங்கிச்சுது.

பர்ஹா போனை வைச்சிட்டு, "மிஸ், ரெண்டு நாளைக்கு மேக்கப் ஒண்ணும் போடக் கூடாது, சொல்லிட்டேன். போட்டா சீழ் வைக்கும்" எண்டாள். பேந்து என்ர கையைப் பிடிச்சுக் கொஞ்ச நேரம் வைச்சிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய ரெண்டு கன்னத்திலயும் ஊதாவும் கறுப்புமா இரத்தம் கண்டிப்போய் இருந்தது. அம்மா என்னைப் பாத்திட்டு நெஞ்சில கை வைச்சுக்கொண்டு கதிரையில இருந்திட்டா. பேந்து எழும்பிப் போய் ஒரு மாஸ்க் கொண்டுவந்தா. "தடிமன் காய்ச்சல் எண்டு சொல்லுவம். இப்ப எல்லாரும் போடினம்தானே. கண்ணை மட்டும் பாக்கட்டும், உனக்குக் கண் வடிவு." மயில்நீலச் சேலை உடுத்து வருவா எண்டு பூபாலசிங்கத்தாரிட்டச் சொல்லியும் போட்டா, அவை அடையாளம் காண.

எங்கட கோயில் பொம்பிளை பார்ப்பு எப்பிடி எண்டு தெரியாதாக்களுக்குச் சொல்லவேணும். ரெண்டு பகுதியும் தற்செயலாக் கும்பிட வந்த மாதிரி வரவேணும். ஆரும் ஆரோடயும் கதைக்கிறேல்லை. தலையாட்டுறதும் இல்லை. பிடிக்காட்டில் ஒண்டுமே நடக்காத மாதிரிப் போயிடலாம், மானம் போகாது, அதுக்காகத்தான் இந்த நாடகம். ஞாயிறு பின்னேரம் ஒரே நேரத்தில மூண்டு நாலு பார்ப்பு நடக்கும். பிள்ளையாரைப் பாக்கிற சனத்தை விடச் சனத்தைப் பாக்கிற சனம் கூட. தரகர்மார் தூணுக்குத் தூண் நிப்பினம், தங்களுக்குள்ளயும் தெரியாத மாதிரி.

தீபம் காட்டி முடிய நான் கோயில் உள்வீதி சுத்தி வந்து வைரவர் பக்கம் நிண்டன். திரும்பேக்க ஒரு பிள்ளையோட முட்டுப்பட்டன். அவளும் மயில்நீலம். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே கடையோ?" எண்டு பல்லுத் தெரியச் சிரிச்சாள். நான் மாஸ்க்குக்குள்ள சிரிச்சன். வீக்கத்தில அது சிரிப்பா வந்ததோ என்னவோ.

அப்பதான் அவரைக் கண்டன். கொடிமரத்தடியில, தாயோட. சொன்ன மாதிரியே மொட்டை, சொன்ன மாதிரியே வண்டி, வெள்ளைச் சேட்டு, வியர்த்துப்போய். படத்தில இருந்த ஆளுக்கும் அவருக்கும் பத்து வருச வித்தியாசம். எனக்கு ஒரு துளி ஏமாற்றம் வரேல்லை. அந்தக் குரல் இந்த மொட்டைக்குள்ள இருந்துதான் வருது எண்டு நினைக்க அந்த மொட்டையிலயும் விருப்பம் வந்திச்சுது. அவர் என்ர பக்கம் நிமிந்து பாத்தார். பாத்திட்டுச் சிரிச்சார். அப்பிடி ஒரு சிரிப்பு என்னைப் பாத்து ஒரு மனிசனும் சிரிச்சதில்லை. நான் முறைப்படி குனிஞ்சுகொண்டன்.

அண்டைக்குப் பொழுதுபட முதலே பூபாலசிங்கத்தார் போன் அடிச்சிட்டார். "நல்லாப் பிடிச்சிருக்காம். வியாழக்கிழமை வீட்டுக்கு வருகினம், நாள் வைக்க." அம்மா சாமியறைக்குள்ள போய் விக்கி விக்கி அழுதா. நான் ஐஸ் வைச்சுக்கொண்டு இருந்தன். மாஸ்க் போட்டுக்கொண்டு நிண்டவளை எப்பிடிப் பிடிச்சுது எண்டு ஒருக்கா யோசிச்சன். கண் வடிவுதானே எண்டு அம்மா சொன்னதை எடுத்து வைச்சுக்கொண்டன்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு, வழக்கம் போல, அவர். கொட்டாஞ்சேனையில இருந்து. நான் மாடிப்படிக்கு ஓடினன்.

"துஷாந்தினி, நான் சொல்லாமல் வந்திட்டன் எண்டு கோவமோ?"

"இல்லை."

"உங்களை நேரில கண்டாப்பிறகு எனக்கு நித்திரையே இல்லை. அப்பிடியே படத்தில இருக்கிற மாதிரி. அதை விட வடிவு. நீங்கள் வைரவர் வாசலில பல்லுத் தெரியச் சிரிச்சனீங்கள் பாருங்கோ, அம்மா உடன என்ர கையைப் பிடிச்சு இவதான்ரா எண்டவ. உங்கட பக்கத்தில பாவம் ஒரு அக்கா வருத்தத்தோட மாஸ்க் போட்டுக்கொண்டு நிண்டவ, அவவுக்கும் விலத்தி இடம் விட்டனீங்கள். நல்ல மனம் எண்டு அம்மா சொன்னவ."

அவர் கதைச்சுக்கொண்டே போனார். நாலு மாசம் கேட்ட குரல், ஆனால் இப்பிடி ஒரு சந்தோசம் அதில ஒரு நாளும் கேட்டதில்லை. என்னோட கதைச்சு வந்த சந்தோசம் ஒரு அளவு. அந்தப் பிள்ளையின்ர கன்னத்தைக் கண்டு வந்த சந்தோசம் வேற அளவு. ரெண்டையும் ஒரே காதால கேட்டன்.

"ஏன் பேசாமல் இருக்கிறியள்? வெக்கமோ?"

"ஓம்" எண்டன்.

பின்னேரம் அம்மாவிட்டச் சொன்னன். அம்மா எழும்பி அடுப்பைக் குறைச்சிட்டு வந்து, "சரி, இப்ப என்ன? பிடிச்சிருக்கு எண்டு சொல்லிட்டினம்தானே. வாய் விட்டுச் சொன்னது சொன்னதுதான்" எண்டா.

"அது என்னை இல்லை அம்மா. வேற ஆரோ ஒருத்தியை."

"வியாழக்கிழமைக்கு வீக்கம் வத்திடும். கலியாண மேக்கப் போடுற பிள்ளையைக் கூப்பிடுறன், அவள் சுவருக்கே பூசி வடிவாக்குவாள். சேலை தலைப்பாலயும் கொஞ்சம் மறைச்சு நில்லு. கலியாண எழுத்து முடிஞ்சால் பேந்து அவர் எங்க போறது?"

"அம்மா, உங்களுக்கு விசரே?"

"ஓமடி, விசர்தான்!" எண்டு கத்தினா அம்மா. "ஆறு பேர் வந்து உன்னைப் பாத்திட்டுப் போகேக்க தேத்தண்ணி ஊத்தினது ஆர்? நான். அந்தக் கோப்பையளைக் கழுவினது ஆர்? நான். எனக்கு விசர் வராமல் ஆருக்கு வரும்?" பேந்து குரல் இறங்கிச்சுது. "உனக்கு அந்தப் பெடியனில விருப்பமெண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தான்ரி சொல்லுறன்."

விருப்பம்தான். வியாழக்கிழமை பூச்சுப் பூசிக்கொண்டு நிண்டால் ஒருவேளை தப்பியும் விடலாம். ஆனால் அவர் அந்தப் பிள்ளையைத் தேடுவார். என்ர முகத்தில ஒவ்வொரு நாளும் அவளைத் தேடுவார், கிடைக்கமாட்டாள். அந்தச் சீவியம் எனக்கு ஏலாது.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டன். அவற்ற தாய்க்கு அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தியாம், செவ்வாய் பின்னேரம் கொச்சிக்கடைத் தேவாலயத்துக்குப் போவம் எண்டு போனிலயே சொல்லியிருந்தவர். சைவமெண்டாலும் கிறிஸ்தவமெண்டாலும் செவ்வாய்க்கிழமை அங்கதான் போறது. நான் முகத்தைக் கழுவி, டொக்டர் தந்த வெயில் கிறீமை மட்டும் பூசி, பச்சைச் சட்டையோட, மாஸ்க் இல்லாமல் பஸ் ஏறினன். இரத்தம் கண்டின இடமெல்லாம் அப்ப மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பஸ்ஸில ஒரு சிங்கள அம்மா எனக்குச் சீற் விட்டுத் தந்தா. புருசன் அடிச்சுப்போட்டான் எண்டு நினைச்சிருப்பா.

மெழுகுதிரிக் கடையளுக்குப் பக்கத்தில, துறைமுகச் சுவரோரமா, அவர் தனிய நிண்டார். தாய் உள்ள கும்பிடப் போயிருக்கவேணும். நான் நேரா நடந்து போய் அவருக்கு ஆறடி தூரத்தில நிண்டன். என்னைப் பாத்தார். ஒரு செக்கன் கன்னத்தில கண் நிண்டது. மற்றப் பக்கம் திரும்பிட்டார். மரியாதையான மனிசன், உத்துப் பாக்கேல்லை.

நான் போனை எடுத்து அடிச்சன்.

அவர் போனைப் பாத்த உடன முகம் மலர்ந்த விதம் இருக்கே! நாலு மாசமா நான் மாடிப்படியில இருந்து கற்பனை பண்ணின முகம் அதுதான். ஐயோ, கற்பனையை விட நல்லா இருந்தது.

"துஷாந்தினி!"

"எங்க நிக்கிறியள்?"

"கொச்சிக்கடையில. நீங்கள்?"

"நானும் கொச்சிக்கடையில."

"மெய்யாவோ?" எண்டு அவர் சுத்திச் சுத்திப் பாத்தார். சனத்துக்குள்ள அந்தச் சிரிப்பைத் தேடினார். ரெண்டு தரம் அவற்ற கண் எனக்கு மேலால போச்சுது, மூண்டாந்தரமும் போச்சுது. நான் கையைக் காட்டியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அந்தச் சந்தோசத்தைப் பாப்பம் எண்டு காட்டாமல் நிண்டன்.

"இடப்பக்கம் பாருங்கோ" எண்டன். "பச்சைச் சட்டை."

பாத்தார். என்ர வாய் அசையிறதைப் பாத்தார், காதில அந்தச் சொல்லைக் கேட்டார், ரெண்டையும் சேக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிரிப்பு முகத்தில அப்பிடியே தொங்கிக்கொண்டு நிண்டது. அதை என்ன செய்யிறதெண்டு அவருக்குத் தெரியேல்லை.

"மாஸ்க் போட்ட அக்கா நான்தான்" எண்டன். போனை வைச்சிட்டன். "அந்த மற்றப் பிள்ளை ஆரெண்டு எனக்கும் தெரியாது. இது முந்தி வந்த பரு. படம் ஸ்ரூடியோக்காரன் துடைச்சது. நான் முதலே சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை. அது என்ர பிழை."

அவர் போனைக் காதில இருந்து எடுக்க மறந்துபோய் நிண்டார். "இல்லை... பரவாயில்லை... அம்மாவிட்டக் கேக்கவேணும்... குறிப்பையும் இன்னொருக்கா ஒரு ஆளிட்ட..." எண்டு தொடங்கினார்.

எனக்கு வந்ததே ஒரு கோவம். நாலு மாசத்தில அவரில வந்த முதல் கோவம். "உந்தக் குறிப்புக் கதையை நீங்களும் சொல்லாதேங்கோ. ஆறு பேர் சொல்லிட்டினம். நீங்கள் அப்பிடியான ஆள் இல்லை. முகம்தான் எண்டால் முகம்தான் எண்டு சொல்லுங்கோ."

அவர் நிலத்தைப் பாத்தார். மெழுகுதிரி விக்கிற மனிசி எங்களையே பாத்துக்கொண்டு இருந்தா.

"ஓம்" எண்டார். "முகம்தான்."

இத்தனை வருசம் ஆராவது ஒருத்தர் சொல்லமாட்டினமோ எண்டு இருந்தன். சொன்னால் நிம்மதியா இருக்கும் எண்டு நினைச்சன். ஒண்டும் இருக்கேல்லை. "தாங்ஸ்" எண்டன், வேற என்ன சொல்லுறது.

போகத் திரும்பினன். "துஷாந்தினி" எண்டு கூப்பிட்டார். திரும்பிப் பாத்தால், அவர் என்னைப் பாக்கேல்லை. துறைமுகச் சுவரைப் பாத்துக்கொண்டு, அதுக்கு அங்கால நிக்கிற கிறேனைப் பாத்துக்கொண்டு நிண்டார். அப்பிடி நிண்டுகொண்டு கதைக்கத் தொடங்கினார். கடவுளே, அந்தக் குரல். முதல் ஒரு சொல்லு வராமல் திக்கினவர், இப்ப லொறிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி, அவசரமில்லாமல். தன்ர சீவியத்தில ஒருத்தரோடயும் இப்பிடிக் கதைச்சதில்லையாம். அப்பா செத்த கதையை வேற ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம். நான் இல்லாட்டில் அந்த ரோட்டு முடியவே முடியாதாம். கலியாணம் எப்பிடிப் போனாலும் கதைக்கிறதை மட்டும் விடவேண்டாமாம். "நீங்கள் கதையுங்கோ, துஷாந்தினி. பழையபடி. ஒரு மணிக்கு."

"நான் என்ன றேடியோவோ?"

சுவரைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். கண்ணில தண்ணி. கெட்ட மனிசன் இல்லை, அதுதான் பாரம்.

"இந்தப் பக்கம் பாருங்கோ" எண்டன். "என்னைப் பாத்துக்கொண்டு இப்ப சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ. அவ்வளவு காணும். வேற ஒண்டும் வேண்டாம். நான் காத்துக்கொண்டு இருப்பன்."

திரும்பினார். பாவம், உண்மையாவே முயற்சி செய்தார். என்ர கண்ணைப் பிடிச்சார், கண் வழுக்கிக் கன்னத்தில விழுந்திச்சுது, திருப்பி எடுத்துக் கண்ணில வைச்சார், பேந்தும் விழுந்திச்சுது. வாய் திறந்தது. ஒரு சொல்லு வரேல்லை. ஒரு நிமிசம் இருக்கும். பூசை மணி அடிச்சு, சனம் வெளிய வரத் தொடங்கி, தாய் அவரைத் தேடிக்கொண்டு வாறது தெரிஞ்சுது. அதுவரைக்கும் நான் நிண்டன்.

மட்டக்குளியில இருந்து வந்த பஸ் ஒண்டில ஏறி யன்னல் பக்கம் இருந்தன். பஸ் திரும்ப முதலே போன் அடிச்சுது. அவர்தான். யன்னலால பாத்தன், அதே சுவருக்கு முகத்தைக் குடுத்துக்கொண்டு, போனைக் காதில வைச்சுக்கொண்டு நிண்டார். எடுத்திருந்தால் எல்லாம் வடிவாச் சொல்லியிருப்பார். நான் அழாமலும் இருந்திருப்பன்.

எனக்கு அந்த மனிசனில விருப்பம். இண்டைக்கும் விருப்பம். மத்தியானம் ஒரு மணிக்கு இண்டைக்கும் அடிக்கிறார்.

அதாலதான் எடுக்கிறேல்லை.